ரீஸ்டார்ட் செய்யும் முன்

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். சுற்றுவட்டாரக் கோயில் கல்வெட்டுகளைப் படித்து, படமெடுத்து, அவற்றில் வரும் நில அளவைகளையும் தானக் கணக்குகளையும் விளக்கி வலைப்பூ எழுதுகிறார். அந்த வலைப்பூ குடியிருப்பதும் அவர் வீட்டில்தான், வாங்கிப் பத்து வருடமான ஒரு டெஸ்க்டாப்பில். உபுண்டு, என்ஜின்எக்ஸ், மரியாடிபி, வேர்ட்பிரஸ் எல்லாம் அவரே கற்றுக்கொண்டு நிறுவியவை.

ஒரு நாள் காலை ஏழரைக்கு அவரிடமிருந்து போன்.

"தம்பி, தளம் திறக்கலை. டேட்டாபேஸோட இணைப்பு கிடைக்கலைன்னு ஒரே ஒரு வரிதான் வருது. மூணு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்துட்டேன். எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போட்டுடலாம்ங்கிறான் பையன். கோப்பையெல்லாம் பென் டிரைவ்ல எடுத்து வச்சுட்டானாம்."

"ஐயா, எதையும் அழிக்க வேண்டாம்னு சொல்லுங்க. நான் கிளம்பி வர்றேன்."

அந்தப் பென் டிரைவில் ஒரு கட்டுரைகூட இல்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அன்று அந்த வீட்டில் காதில் விழுந்த யோசனைகள் எல்லாம் லினக்ஸ் வைத்திருக்கும் பல வீடுகளில் நான் கேட்டவைதான். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் அந்த யோசனைகளால் பல வருட உழைப்பு ஒரு மதியத்தில் அழிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

நம்பிக்கை: எது கெட்டாலும் முதலில் ரீஸ்டார்ட்

ரீஸ்டார்ட் செய்து சரியாகிவிட்டால் கெட்டது என்ன என்று தெரியாமலே போய்விடும். அடுத்த வாரம் அதே கோளாறு திரும்ப வரும். லினக்ஸில் ஒவ்வொரு சேவையும் தனித்தனியாக ஓடுகிறது. தளம் படுத்தால், என்ஜின்எக்ஸ், பிஹெச்பி, மரியாடிபி மூன்றில் எது விழுந்தது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்' என்று அடித்துச் சேவையின் பெயரைச் சேர்த்தால் போதும். ஓடுகிறதா, எப்போது நின்றது, நிற்கும்போது கடைசியாக என்ன சொன்னது என்பதெல்லாம் திரையில் வந்துவிடும். இன்னும் விரிவாக வேண்டுமென்றால் ஜர்னல்சிடிஎல் இருக்கிறது.

இந்த ஜர்னலுக்கென்று டிஸ்க்கில் ஒரு கோப்புறை இருந்தால் பதிவுகள் அங்கே நிலைத்திருக்கும். சில நிறுவல்களில் அப்படி இருக்காது, பதிவு முழுவதும் ரேமில்தான். அந்த மெஷினை ரீஸ்டார்ட் செய்கிறவர் தடயத்தைத் தன் கையாலேயே துடைத்துவிடுகிறார். உபுண்டு வழக்கமாக டிஸ்க்கில் வைத்துக்கொள்ளும் என்பதால் ஐயா தப்பித்தார். ஜர்னல்சிடிஎல்லோடு மைனஸ் பி, மைனஸ் 1 சேர்த்தால் முந்தைய பூட்டின் பதிவு வரும். மூன்று முறை ரீஸ்டார்ட் ஆகியிருந்ததால் நான் மைனஸ் 3 வரை பின்னால் போனேன். காலை ஆறேகாலுக்குத் தானியங்கி அப்டேட் மரியாடிபியை நிறுத்தி மறுபடி எழுப்பியிருக்கிறது, அது எழவில்லை. ஏன் எழவில்லை என்பதையும் எழுதிவைத்துவிட்டுத்தான் நின்றிருந்தது: பிழை எண் 28, சாதனத்தில் இடமில்லை.

திரையில் ஐயா பார்த்த அந்த ஒற்றை வரியை வேர்ட்பிரஸ் எல்லாவற்றுக்கும் காட்டும். பாஸ்வேர்டு தவறாக இருந்தாலும் அதே வரி, மரியாடிபி விழுந்து கிடந்தாலும் அதே வரி. அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. காரணம் பதிவில் இருக்கிறது.

நம்பிக்கை: டிஸ்க்கில் காலியிடம் இருக்கிறது, எனவே டிஸ்க் பிரச்சினை இல்லை

"இடம் இல்லையா? டிஎஃப் போட்டுப் பார்த்தேனே, 78 சதவீதம்தான் காட்டுது" என்றார் ஐயா. அவர் பார்த்தது சரிதான். டிஎஃப் கட்டளையோடு மைனஸ் ஹெச் சேர்த்தால் எத்தனை ஜிபி நிரம்பியிருக்கிறது என்று சொல்லும். மைனஸ் ஐ சேர்த்தால் எத்தனை ஐநோட் செலவாகியிருக்கிறது என்று சொல்லும். அதை அடித்துக் காட்டினேன். 100 சதவீதம்.

ஐநோட் என்பது ஒவ்வொரு கோப்புக்கும் கணினி போடும் பதிவேட்டு வரி. நெல் வைக்க இடமிருக்கலாம். மூட்டையை வரவு வைக்கப் பேரேட்டில் வரி இல்லையென்றால் கிடங்குக்காரர் மூட்டையை இறக்கவிட மாட்டார். ஈஎக்ஸ்டி4 கோப்பு முறையில் டிஸ்க்கை ஃபார்மட் செய்யும்போதே இந்த வரிகளின் எண்ணிக்கை முடிவாகிவிடுகிறது. வழக்கமான கணக்கு 16 கேபிக்கு ஒன்று. ஐயாவின் ரூட் பகிர்வு 30 ஜிபி. சுமார் 19 லட்சத்து 66 ஆயிரம் ஐநோட். தளத்தை வேகப்படுத்த அவர் போட்ட கேஷ் பிளக்இன் ஒவ்வொரு பக்கத்துக்கும், ஒவ்வொரு தேடலுக்கும் ஒரு குட்டிக் கோப்பை எழுதி எழுதி, எதையும் அழிக்காமல், இரண்டு வருடத்தில் அந்தப் பேரேட்டை நிரப்பிவிட்டது. புதிதாக ஒரு கோப்புகூடத் திறக்க முடியாத மெஷினில் மரியாடிபி எழாது.

கேஷ் கோப்புறையைக் காலி செய்தோம், மரியாடிபியை மட்டும் எழுப்பினோம், தளம் வந்துவிட்டது.

டிஸ்க் கணக்கில் இன்னும் இரண்டு இடங்களில் மக்கள் ஏமாறுகிறார்கள். ஒன்று, பல ஜிபிக்கு வளர்ந்த லாக் கோப்பை அழித்த பிறகும் இடம் திரும்பாது. அந்தக் கோப்பை என்ஜின்எக்ஸ் இன்னும் திறந்து வைத்திருக்கும். பெயர்தான் போயிருக்கும், உடல் டிஸ்க்கிலேயே கிடக்கும். திறந்து வைத்திருக்கும் சேவையை ரீலோடு செய்தால் இடம் விடுபடும். இன்னொன்று, ஈஎக்ஸ்டி4 வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கிவைக்கிறது. அதனால் சாதாரணப் பயனருக்கு 95 சதவீதத்திலேயே கதவு அடைத்துவிடும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இடம் போதவில்லை என்று தேடும்போது மரியாடிபியின் கோப்புறையில் 'ஐபிடேட்டா1' என்று ஒரு பெரிய கோப்பு கண்ணில் படும். பெயர் விளங்கவில்லை, அளவு பெரிது என்று அதை அழித்தவர்களை எனக்குத் தெரியும். மற்ற டேபிள்களைத் திறக்கும் சாவியே அதற்குள்தான் இருக்கிறது.

நம்பிக்கை: பெர்மிஷன் பிழை வந்தால் 777 கொடு

லினக்ஸ் பற்றி வாய்வழியாகப் பரவியவற்றில் இதைவிடத் தீங்கானது வேறில்லை. 777 கொடுத்தால் அந்தக் கோப்பை எல்லாரும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம். அந்த 'எல்லாரில்' ஓட்டையுள்ள ஒரு பிளக்இன் வழியாக உள்ளே வந்தவனும் அடக்கம். அவன் உங்கள் பிஹெச்பி கோப்பில் தன் வரிகளைச் சேர்த்துவிட்டுப் போகலாம்.

வேர்ட்பிரஸுக்குக் கோப்புறைகளில் 755, கோப்புகளில் 644 போதும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கும் கான்ஃபிக் கோப்புக்கு இன்னும் இறுக்கமாக 640. எண்ணை மாற்றும் முன் பார்க்க வேண்டியது கோப்பு யாருக்குச் சொந்தம் என்பதை. உபுண்டுவிலும் டெபியனிலும் என்ஜின்எக்ஸும் பிஹெச்பியும் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற பயனராக ஓடுகின்றன. நீங்கள் ரூட்டாக நுழைந்து நகலெடுத்த கோப்புகள் ரூட்டுக்குச் சொந்தமாகிவிடுகின்றன. படம் ஏற்ற முடியவில்லை என்று சொல்பவர்களில் பலருக்கு வந்த கோளாறு இதுதான்.

777 கொடுத்தும் திறக்காத கதை ஒன்று உண்டு. ஒரு நண்பர் தளத்தின் கோப்புகளைத் தன் ஹோம் கோப்புறைக்குள் வைத்திருந்தார். புதிய உபுண்டுவுக்கு மாறியதும் 403 பிழை. தளத்தின் கோப்புறைக்கு 777 கொடுத்தார், அப்போதும் 403. ஒரு கோப்பை அடைய, வழியிலுள்ள ஒவ்வொரு கோப்புறையிலும் நுழையும் உரிமை வேண்டும். 2021 ஏப்ரலில் வந்த உபுண்டு 21.04 முதல், புதிதாக உருவாகும் ஹோம் கோப்புறைக்கு 750தான். மற்றவர் நுழைய முடியாது. உள்ளறையைத் திறந்து போட்டாலும் வாசல் பூட்டியிருக்கிறது. வழி முழுவதையும் படிப்படியாகக் காட்ட 'நேம்ஐ மைனஸ் எல்' என்றொரு கட்டளை இருக்கிறது. எந்தப் படியில் தடை என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஃபெடோராவில் எஸ்ஈலினக்ஸ் என்று தனியொரு காவல் உண்டு. அது 777ஐப் பொருட்படுத்தாது.

777ஐயே மைனஸ் ஆர் சேர்த்து மொத்த சிஸ்டத்துக்கும் கொடுத்துவிட்டால், சூடோவே இயங்க மறுக்கும். எஸ்எஸ்ஹெச் தன் சாவிக் கோப்பு ஊருக்கே திறந்திருப்பதைப் பார்த்து அதை ஏற்காது. மெஷின் உங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொள்ளும்.

நம்பிக்கை: லினக்ஸ் ரேம் முழுவதையும் தின்றுவிடுகிறது

சுருக்கமாகச் சொல்லலாம். ஃப்ரீ கட்டளையில் 'ஃப்ரீ' என்ற பத்தியைப் பார்க்காதீர்கள், 'அவைலபிள்' என்ற பத்தியைப் பாருங்கள். சும்மா கிடக்கும் ரேமில் டிஸ்க்கிலிருந்து படித்தவற்றைக் கெர்னல் சேர்த்து வைக்கிறது. யாராவது கேட்டால் உடனே விட்டுக்கொடுத்துவிடும். கேஷைக் காலி செய்யும் ஸ்கிரிப்டை மணிக்கொரு தரம் ஓட்டினால் மெஷின் மெதுவாகும், அவ்வளவுதான். ரேம் உண்மையிலேயே தீர்ந்தால் கெர்னல் ஒரு புரொசஸைக் கொன்று மற்றவற்றைக் காப்பாற்றும். வீட்டு சர்வரில் அதிகம் சாப்பிடுவது மரியாடிபி என்பதால் பலியாவதும் பெரும்பாலும் அதுதான். அதுவும் பதிவில் 'அவுட் ஆஃப் மெமரி' என்று எழுதப்பட்டிருக்கும்.

நம்பிக்கை: தமிழ் எழுத்து குப்பையாகத் தெரிந்தால் கட்டுரைகள் அழிந்துவிட்டன

பழைய டேட்டாபேஸைப் புதிய மெஷினுக்கு மாற்றும்போது நம்மவர்களைக் கதறவைப்பது இதுதான். தமிழ் இருந்த இடமெல்லாம், தலையில் கோடு போட்ட ஏதோ ஐரோப்பிய எழுத்தும் வட்டத்துக்குள் இருக்கும் பதிவுக் குறியுமாக மாறி மாறி வரும். பார்த்ததும் அடிவயிறு கலங்கும். ஆனால் இந்தத் தோற்றம் நல்ல செய்தி.

யுடிஎஃப்8 முறையில் வழக்கமான ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். அவை எல்லாமே ஒரே முதல் பைட்டில்தான் தொடங்கும். இரண்டாவது பைட் இரண்டே இரண்டில் ஒன்று. அந்த மூன்று பைட்டையும் மூன்று தனித்தனி லத்தீன் எழுத்தாகக் கணினி படித்துவிட்டால், தமிழ்ப் பத்தி முழுவதும் அதே இரண்டு மூன்று அந்நிய உருவங்கள் திரும்பத் திரும்ப வரும். பைட்டுகள் அப்படியே இருக்கின்றன, படித்த விதம்தான் பிசகு. டேட்டாபேஸ் இணைப்பின் எழுத்து முறை லத்தீன்1 என்று இருந்திருக்கும். அதைச் சரிசெய்து திரும்ப ஏற்றினால் தமிழ் திரும்பிவிடும். அதுவரை அந்த டேட்டாபேஸில் ஒரு கட்டுரையையும் திறந்து சேமித்துவிடாதீர்கள்.

தமிழ் இருந்த இடத்தில் வெறும் கேள்விக்குறிகள் வரிசையாக நின்றால் கதை வேறு. தமிழைத் தாங்காத முறைக்கு யாரோ மாற்றி எழுதிவிட்டார்கள், மூல பைட்டுகள் போய்விட்டன. பழைய நகலிலிருந்துதான் மீட்க வேண்டும். இந்த இரண்டு தோற்றங்களையும் பிரித்தறியத் தெரியாததால், மீட்கக்கூடிய கட்டுரைகளை அழித்துவிட்டு மறுபடி தட்டச்சு செய்தவர்கள் இருக்கிறார்கள்.

ஐயாவின் தளத்தில் இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு சிக்கல் இருந்தது. கல்வெட்டுகளில் வரும் மா, காணி, முந்திரி போன்ற பின்னங்களின் பழைய குறிகள் 2019இல் யூனிகோடு 12.0இல் 'தமிழ் சப்ளிமெண்ட்' என்ற தனித் தொகுதியாகச் சேர்ந்தன. அந்தக் குறிகள் ஒவ்வொன்றும் நான்கு பைட். மைசீக்வலிலும் மரியாடிபியிலும் நெடுங்காலம் 'யுடிஎஃப்8' என்று அழைக்கப்பட்டது மூன்று பைட் வரைதான் தாங்கும். நான்கு பைட்டுக்கு யுடிஎஃப்8எம்பி4 என்ற வேறு முறை வேண்டும். வேர்ட்பிரஸ் அதற்கு மாறியது 2015இல், 4.2 பதிப்பில். அதற்கு முன் உருவாகி மாறாமலே தங்கிவிட்ட டேபிளில் ஒரு பின்னக் குறி இருந்தால் கட்டுரை சேமிக்கவே படாது. "அந்தக் குறி போட்டா மட்டும் கட்டுரை நிக்க மாட்டேங்குது, அதனால வார்த்தையிலேயே எழுதிடறேன்" என்று ஐயா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று அந்த டேபிளையும் மாற்றினோம். குறி நின்றது. அவர் முகத்தில் அப்போது வந்த மகிழ்ச்சிக்காகவே நான் இன்னொரு முறை கும்பகோணம் போவேன்.

நம்பிக்கை: வெளியிலிருந்து திறக்கவில்லையென்றால் சர்வர் செத்துவிட்டது

வீட்டு வைஃபையில் திறக்கவில்லையென்றால் மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். பல ரவுட்டர்களுக்கு, உள்ளிருந்து வெளியே போய் அதே வீட்டுக்குள் திரும்பி வரும் வழி தெரியாது. உலகத்துக்குத் திறந்திருக்கும் தளம் உங்களுக்கு மட்டும் மூடியிருக்கும்.

தலைகீழ் நிலைமையும் உண்டு. வீட்டில் திறக்கிறது, வெளியே இல்லை. போர்ட் ஃபார்வர்டிங்கை எத்தனை முறை திருத்தினாலும் பலனில்லை. ரவுட்டரின் பக்கத்துக்குப் போய் வேன் முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையான எண்ணில் தொடங்கினால், இணைய நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடுக்கியிருக்கிறது என்று பொருள். 2012இல் இதற்கென்றே ஒதுக்கிய முகவரித் தொகுதி அது. உங்கள் ரவுட்டரில் திறக்கும் கதவு தெருவைப் பார்த்துத் திறப்பதில்லை, அடுக்குமாடியின் நடைபாதையைப் பார்த்துத்தான் திறக்கிறது. நிலையான பொது முகவரியைக் கேட்டு வாங்கலாம். வெளியிலிருக்கும் ஒரு சின்ன சர்வருக்கு வயர்கார்டு வழியாகச் சுரங்கம் போடலாம். ஐபிவி6 இருந்தால் அதையும் பயன்படுத்தலாம்.

நம்பிக்கை: பூட்டுச் சின்னம் வந்துவிட்டது, இனிக் கவலையில்லை

லெட்ஸ் என்க்ரிப்ட் வழக்கமாகத் தரும் சான்றிதழின் ஆயுள் 90 நாள். செர்ட்பாட் தானாகப் புதுப்பிக்கும். ஆனால் புதிய சான்றிதழ் டிஸ்க்குக்கு வந்த பிறகும், என்ஜின்எக்ஸை ரீலோடு செய்யும் வரை அது நினைவில் வைத்திருக்கும் பழையதைத்தான் காட்டும். முன்பெல்லாம் காலாவதிக்கு முன் மின்னஞ்சலில் எச்சரிக்கை வரும். 2025 ஜூனோடு அந்தச் சேவையை லெட்ஸ் என்க்ரிப்ட் நிறுத்திவிட்டது. அந்த மடலை நம்பியிருந்தவர்கள் இனித் தாங்களே பார்க்க வேண்டும்.

இதோடு சேர்ந்த ஒன்று. பழைய டெஸ்க்டாப்பின் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோனால், கரண்ட் போய் வந்ததும் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். நேர ஒத்திசைவு அணைந்திருந்தால் அது அப்படியே நிற்கும். வருகிறவர்களுக்குத் தளம் திறக்கும். ஆனால் இந்த மெஷின் வெளியே போய்க் கேட்கும் எல்லாமே சான்றிதழ் பிழையில் முடியும். அப்டேட் வராது, பிளக்இன் இறங்காது. கடைத்தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பேட்டரிக்காக ஒரு வாரம் ஃபயர்வாலைக் குடைந்திருக்கிறேன்.

நம்பிக்கை: என் சின்ன வலைப்பூவை யார் தாக்கப்போகிறார்கள்

2013இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட இசட்மேப் என்ற கருவி, ஒரே கணினியிலிருந்து ஐபிவி4 உலகம் முழுவதையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். யாரும் உங்கள் பெயரைத் தேடி வருவதில்லை. எல்லாக் கதவையும் தட்டிக்கொண்டே போகிறார்கள். எஸ்எஸ்ஹெச்சில் பாஸ்வேர்டை நிறுத்திச் சாவி மட்டும் வைப்பது, பயன்படுத்தாத பிளக்இன்களை நீக்குவது, அப்டேட்டைத் தள்ளிப்போடாமல் இருப்பது ஆகிய மூன்றும் பெரும்பாலான தட்டல்களைத் தடுத்துவிடும்.

லினக்ஸில் இதெல்லாம் நடக்காது என்பவர்களுக்கு 2024 மார்ச் 29ஐ நினைவூட்டுகிறேன். போஸ்ட்கிரெஸ் உருவாக்குநர்களில் ஒருவரான ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட், தன் சோதனை மெஷினில் எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு சுமார் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்தார். ரீஸ்டார்ட் செய்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போகவில்லை, தாமதத்தின் காரணத்தைத் தேடிப் போனார். எக்ஸ்இசட் என்ற சுருக்கு நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் யாரோ திட்டமிட்டுப் புதைத்த பின்கதவு கிடைத்தது. பெரும்பாலான சர்வர்களுக்குப் போய்ச் சேரும் முன்பே அது பிடிபட்டது.

நம்பிக்கை: கோப்புகளை நகலெடுத்துவிட்டேன், அதுதான் பேக்கப்

இப்போது அந்தப் பென் டிரைவ். பையன் நகலெடுத்தது என்ஜின்எக்ஸ் காட்டும் வேர்ட்பிரஸ் கோப்புறையை. அதில் வேர்ட்பிரஸின் நிரல், தீம், பிளக்இன், ஏற்றிய படங்கள் இருக்கின்றன. கட்டுரைகளின் எழுத்து ஒன்றுகூட அங்கே இல்லை. அவையெல்லாம் மரியாடிபிக்குள், டிஸ்க்கின் வேறொரு மூலையில் இருக்கின்றன. அன்று டிஸ்க்கை ஃபார்மட் செய்திருந்தால் படங்கள் மட்டும் மிஞ்சியிருக்கும்.

"ரெண்டு டிஸ்க் போட்டு ரெய்டு வச்சிருக்கேன்" என்பதும் பேக்கப் ஆகாது. ஒன்றில் அழித்தது அதே நொடியில் மற்றதிலும் அழியும். ஓடிக்கொண்டிருக்கும் மரியாடிபியின் கோப்புகளை அப்படியே நகலெடுப்பதும் ஆகாது, பாதி எழுதிய நிலையில் பிடிபடும். அதற்கென்று இருக்கும் டம்ப் கட்டளையால் எடுக்க வேண்டும். எடுத்தால் போதாது, திரும்ப ஏற்றியும் பார்க்க வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். பேக்கப் ஏற்பாடுகள் பல இருந்தன. தேவைப்பட்ட அன்று பார்த்தால் தினசரி டம்ப் பதிப்புப் பொருத்தமின்மையால் எடுக்கப்படாமலே இருந்திருக்கிறது, தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சலும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக எடுத்திருந்த ஆறு மணி நேரப் பழைய நகல் ஒன்றுதான் கைகொடுத்தது. அந்த விவரம் முழுவதையும் அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். அதற்காக அவர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை.

அன்று மதியம் ஐயா வீட்டிலேயே சாப்பிட்டேன். சாயங்காலம் டேட்டாபேஸை டம்ப் எடுத்து, பரணில் கிடந்த பழைய லேப்டாப்பை இறக்கி, அதில் உபுண்டு போட்டு ஏற்றினோம். கட்டுரைகள் வந்தன, எண்ணிக்கை சரியாக இருந்தது. ஐயா தனக்குப் பிடித்த ஒரு கட்டுரையைத் திறந்தார். கல்வெட்டுப் படம் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"படம் எங்கே தம்பி?"

படங்கள் பையன் எடுத்துவைத்த பென் டிரைவில் இருந்தன. அவனைக் கூப்பிட்டு அதைச் செருகச் சொல்லி, படக் கோப்புறையை நகலெடுத்து, டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாவுக்குச் சொந்தமாக்கிவிட்டுப் பக்கத்தைப் புதுப்பித்தோம். கல்வெட்டு மேலிருந்து கீழாக மெல்ல வந்தது. ஐயா எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருந்த தினசரி நாள்காட்டியைப் புரட்டி, வரப்போகும் ஒவ்வொரு மாதத்தின் முதல் தேதியிலும் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார்.